கணினி கேள்வி பதில்: நெட்வொர்க் டிரைவரும் நீலத்திரையும்

இணையத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கணினி திடீரென நின்றுபோவதைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் அப்படி நிற்கும்போது காட்டும் பிழைத் திரைதான் ‘நீலத்திரை’. கடிதங்களில் விவரங்கள் வேறுபட்டாலும், பழுதின் வேர் பெரும்பாலும் நெட்வொர்க் டிரைவர், அதாவது வைஃபை போன்ற நெட்வொர்க் கருவியை இயக்கும் மென்பொருள் சார்ந்ததாகவே இருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கணக்குப் பதிவு வேலை செய்பவள். விண்டோஸ் 11 உள்ள என் லேப்டாப், சென்ற மாதம் அப்டேட் ஆனதிலிருந்து, வீடியோ அழைப்பில் இருக்கும்போதும் பெரிய கோப்புகளை டவுன்லோடு செய்யும்போதும் நீலத்திரையைக் காட்டிவிட்டுத் தானாக மறுபடி தொடங்குகிறது. திரையில் ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்ற வரியும், ‘வாட் ஃபெயில்ட்’ என்பதற்கு எதிரே ‘நெட்’ என்று தொடங்கும் ஒரு கோப்பின் பெயரும் தெரிகின்றன. எக்ஸெல்லிலோ டாலியிலோ மணிக்கணக்கில் வேலை செய்தாலும் ஒன்றும் ஆவதில்லை. பழுது பார்ப்பவர் ஃபார்மட் செய்தே ஆக வேண்டும் என்கிறார். வாடிக்கையாளர்களின் கணக்குகள் எல்லாம் அதில்தான் உள்ளன. வேறு வழி இல்லையா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஃபார்மட் செய்ய வேண்டாம். நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் மூன்று செய்திகளே பழுது எங்கே இருக்கிறது என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடுகின்றன. இணையத்தில் போக்குவரத்து மிகும்போது மட்டுமே கணினி நிற்கிறது. அப்டேட்டுக்குப் பிறகே இது தொடங்கியது. திரையில் வரும் கோப்பின் பெயர் நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. ‘நெட்’ என்பதை அடுத்து டபிள்யூ, டி, டபிள்யூ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் வந்தால் அது இன்டெல் நிறுவனத்தின் வைஃபை டிரைவர். பெயர் ‘நெட்’ என்றில்லாமல் ஆர், டி எழுத்துகளோடும் 640 என்ற எண்ணோடும் தொடங்கினால் அது ரியல்டெக் நிறுவனத்தின் ஈதர்நெட் (கேபிள் வழி இணைப்பு) டிரைவர். இந்த நிலையில் ஃபார்மட் செய்தால் உங்கள் கணக்குகள் போய்விடும், பழுது போகாது. புதிதாக விண்டோஸை நிறுவி இணையத்தில் இணைத்தவுடன், விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். காரணத்தைப் பார்க்காமல் ஃபார்மட் செய்யச் சொல்லும் வழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தேவையே இல்லாமல் பலருடைய படங்களும் ஆவணங்களும் அதனால் அழிந்திருக்கின்றன.

முதல் வேலையாக, ஏர்பிளேன் மோடை இயக்கி வைஃபையை நிறுத்திவிட்டு, எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை நின்றிருக்கும்போது கணினி நிலையாக ஓடுகிறது என்றால், அதுவே உங்கள் சந்தேகத்தை வலுப்படுத்தும் ஒரு சோதனையும் ஆகிவிடும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டச்சு செய்து, ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்பதைத் திறங்கள். விண்டோஸ் நின்றுபோன நாள்கள் சிவப்புக் குறியோடும், மென்பொருளோ டிரைவரோ நிறுவப்பட்ட நாள்கள் அவற்றோடு ஒரே வரிசையிலும் தெரியும். முதல் நீலத்திரைக்கு முந்தைய ஓரிரு நாள்களில் வைஃபை டிரைவர் மாற்றப்பட்டிருந்தால் தேடல் அங்கேயே பாதி முடிந்துவிடும். பலர் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஈவென்ட் வியூவருக்குப் போய், அங்கே ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்த்து, மின்சார இணைப்பில் கோளாறு என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதைத்தான் அந்தப் பதிவு முதன்மையாகச் சொல்கிறது. காரணத்தின் குறியீட்டை ‘பக்செக் 1001’ என்ற பதிவில் பாருங்கள்.

இனி டிரைவருக்கு வருவோம். பழைய டிரைவரை நீக்குவதற்கு முன்பே மாற்று டிரைவரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பிறகு அதைத் தேட இணையம் இருக்காது. லேப்டாப் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் வைஃபை டிரைவரை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கணினி இல்லையென்றால், ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்குங்கள். அப்போது விண்டோஸ் உங்கள் வைஃபை டிரைவரைத் தொடாமல் மைக்ரோசாஃப்டின் வேறொரு டிரைவர் வழியாக இணையத்துக்குப் போகும். வைஃபையை நிறுத்திவிட்டு, அந்த இணைப்பில் ஒரு நீண்ட வீடியோ அழைப்பைப் பேசிப் பாருங்கள்; கணினி நிற்கவில்லை என்றால் குற்றம் வைஃபை பக்கத்தில்தான் என்பது ஏறத்தாழ உறுதி.

பிறகு டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியை விரித்து, வைஃபை கார்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘டிரைவர்’ தாவலுக்குச் செல்லுங்கள். ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் அழுத்தக்கூடியதாக இருந்தால், முந்தைய பதிப்புக்குத் திரும்ப அதுவே போதும். அது மங்கலாக இருந்தாலும் வழி இருக்கிறது: ‘அப்டேட் டிரைவர்’ என்பதை அழுத்தி, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’, அதற்குள் ‘லெட் மீ பிக்’ என்று போனால், கணினியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டுள்ள பதிப்புகள் தேதியோடு பட்டியலாக வரும், பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கும் ஒரே பதிப்புதான் இருக்கிறது என்றால், ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கும்படி கேட்கும் கட்டத்தில் டிக் செய்துவிட்டு நீக்கி, மறுதொடக்கம் செய்து, பென் டிரைவில் வைத்திருப்பதை நிறுவுங்கள். அந்தக் கட்டத்தில் டிக் செய்ய மறந்தால், அடுத்த தொடக்கத்தில் அதே பழுதான டிரைவர் தானாகத் திரும்பி வந்துவிடும். ‘நீக்கியும் பயனில்லை’ என்று எழுதுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

சரியானதும் சில வாரங்களுக்கு அப்டேட்டை ‘பாஸ்’ செய்து வையுங்கள். விண்டோஸின் ப்ரோ பதிப்பாக இருந்தால், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று ‘குரூப் பாலிசி’ என்ற அமைப்புப் பகுதியில் நிரந்தரமாகவே சொல்லிவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நெடுநாள் நிறுத்தி வைக்காதீர்கள். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பத்து டிரைவர்களை அவை மாற்றிவிட்டால், புதிய பழுது எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முன்பு கணினி நின்ற அதே வேலையைச் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

கேள்வி: என் கணினியில் கிராஃபிக்ஸ் டிரைவர் செயலிழக்கும்போது திரை ஒரு முறை இருண்டு, உடனே சரியாகிவிடுகிறது. நெட்வொர்க் டிரைவர் செயலிழந்தால் மட்டும் ஏன் கணினியே நின்றுபோக வேண்டும்? இணையம் மட்டும் அறுந்து மற்றவை ஓடக்கூடாதா? (பொறியியல் மாணவர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: மிக நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், முதல் கடிதத்தில் வந்த ‘ஐஆர்க்யூஎல்’ என்ற எழுத்துகளின் பொருளும் விளங்கிவிடும்.

நெட்வொர்க் டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே, அதற்குரிய முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. வேர்டோ குரோமோ தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டால் கெர்னல் அந்தச் செயலியை மட்டும் மூடிவிடும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரையோ அப்படித் தடுக்கும் சுவர் எதுவும் இல்லை. அது தவறான முகவரியில் எழுதினால், அந்த முகவரி கோப்புகளை நிர்வகிக்கும் பகுதிக்கு உரியதாகவும் இருக்கலாம். தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் உள்ள தரவு கெட்டுவிடக்கூடும் என்பதால், நிலைமை மோசமாகிவிட்டது என்று தெரிந்த கணத்தில் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்துகிறது. எரிச்சலூட்டினாலும் அந்த நீலத்திரை உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதற்காகவே வருகிறது. 2025 முதல் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் அது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது. குறியீடும் டிரைவரின் பெயரும் அதிலும் வருகின்றன.

இப்போது நெட்வொர்க்குக்கே உரிய சிக்கலைப் பாருங்கள். வலையிலிருந்து தரவுப் பொட்டலம் ஒன்று வந்து சேர்ந்ததும், கார்டு பிராசஸரின் வேலையை இடைமறித்துச் செய்தி சொல்கிறது. டிரைவர் அந்தச் செய்தியை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஏற்றுக்கொண்டு, மிச்ச வேலையை ‘டிபிசி’ எனப்படும் வரிசையில் போட்டுவிடுகிறது. அந்த வரிசையில் உள்ள வேலைகள், விண்டோஸின் இடைமறிப்பு நிலைகளில் 2 என்ற எண்ணுடைய நிலையில் நடக்கின்றன. சாதாரணச் செயலிகள் ஓடுவது 0 என்ற நிலையில். எந்தக் கணத்தில் எந்த நிலை என்பதைக் குறிக்கும் எண்தான் ஐஆர்க்யூஎல். நிலை 2-இல் ஒரு கடுமையான விதி உண்டு. அங்கே ஓடும் நிரல் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஏனென்றால், ஒரு வேலையை நிறுத்திவைத்து இன்னொன்றுக்கு மாற்றும் ஷெட்யூலரே அந்த நிலையில் அந்தப் பிராசஸரில் செயல்படுவதில்லை. சாதாரண நிலையில், தேவையான நினைவகப் பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போயிருந்தால், கெர்னல் அதைக் கொண்டுவரும் வரை நிரல் காத்திருக்கும். நிலை 2-இல் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. எனவே, டிஸ்க்குக்குப் போயிருக்கக்கூடிய நினைவகத்தையோ, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தையோ டிரைவர் அந்த நிலையில் தொட்டுவிட்டால் விண்டோஸுக்கு முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. அப்போது எழும் நிறுத்தக் குறியீடுதான் டி1.

சும்மா இருக்கும்போது வராத நீலத்திரை டவுன்லோடின்போது வருவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் வந்து, ரேமும் நெருக்கடியில் இருக்கும்போதுதான், டிரைவரில் ஒளிந்திருக்கும் பிழை வெளிப்படுவதற்கான தருணம் அமைகிறது. டிபிசி வேலை ஒன்று அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், அதற்கெனக் கண்காணித்துக்கொண்டிருக்கும் கடிகாரம் 133 என்ற குறியீட்டோடு கணினியை நிறுத்திவிடும். ‘டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்’ என்று வருவது அதுதான்.

கிராஃபிக்ஸ் டிரைவர் மீண்டெழுவதற்குக் காரணம், விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸில் அதற்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. கிராஃபிக்ஸ் சிப் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் தராவிட்டால், அதை மட்டும் புதிதாகத் தொடங்கச் செய்கிறார்கள். அங்கும் சிப் பதில் தராமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியும். கிராஃபிக்ஸ் டிரைவர் கெர்னல் நினைவகத்தைக் கெடுத்தால் அப்போதும் நீலத்திரைதான். டிரைவர்கள் அனைத்தையும் கெர்னலுக்கு வெளியே, சாதாரணச் செயலிகளைப் போல ஓடவிட்டு, ஒன்று விழுந்தால் அதை மட்டும் மறுபடி எழுப்பும் அமைப்பும் உண்டு. கணினி அறிவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 2005-இல் வெளியிட்ட மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் அந்த வகையைச் சேர்ந்தது. நெட்வொர்க் டிரைவரை வேண்டுமென்றே வீழ்த்தினாலும் அது தானாக எழுந்து தொடர்வதை அவருடைய குழுவினர் காட்டினார்கள். வேகத்துக்காக விண்டோஸும் லினக்ஸும் அந்த வழியை முழுமையாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல: 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை அலசியபோது, டிரைவர்களின் பிழை விகிதம் மற்ற பகுதிகளைப் போல மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருந்தது. 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில், விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காடு டிரைவர்களால் வந்தவை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் பொறியியல் படிப்பவர் என்பதால் சொல்கிறேன், இந்தத் துறையில் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

கேள்வி: லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திறந்தால் நீலத்திரை. ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்கிறது. ஷட் டவுன் செய்து மறுபடி தொடங்கினாலும் சில நேரம் வைஃபையே காணவில்லை. (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இது 9எஃப் என்ற குறியீடு. கணினி உறங்கும்போதும் விழிக்கும்போதும் ஒவ்வொரு கருவிக்கும் ‘மின்நிலையை மாற்று’ என்ற கட்டளை போகும். டிரைவர் அதை நிறைவேற்றிவிட்டதாகப் பதில் தராமல் கட்டளையைப் பிடித்து வைத்துக்கொண்டால், விண்டோஸ் ஓர் எல்லை வரை பொறுத்திருந்துவிட்டு நிறுத்திவிடும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தத் தாவல் இருக்காது. அவற்றில் டிரைவரையும், தயாரிப்பாளர் தரும் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டையும் சேர்த்தே புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஷட் டவுன் செய்தும் தீராததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுக்கப்படுகிறது; குழம்பிய டிரைவரும் அதே குழப்பத்தோடு திரும்பி வருவதுண்டு. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல் பேனலின் மின்சார அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டுச் சில நாள் பாருங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதை நிறுத்துவதால் பெரிய தாமதம் தெரியாது.

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினியில் நீலத்திரை வரும்போது ஒரு நாள் ‘என்டிஐஎஸ்’ என்ற கோப்பையும், இன்னொரு நாள் ‘நெட்ஐஓ’ என்பதையும், மற்றொரு நாள் ‘டிசிபிஐபி’ என்பதையும் காட்டுகிறது. இவை எல்லாம் மைக்ரோசாஃப்டின் கோப்புகள் என்கிறார்கள். அப்படியானால் விண்டோஸிலேயேதான் பிழையா? வைஃபை டிரைவரை மாற்றியும் தீரவில்லை. (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: திரையில் வரும் பெயர், கணினி நின்ற கணத்தில் யார் கையில் வேலை இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது, கெடுத்தவர் முன்பே போயிருக்கலாம். திருட்டு நடந்த வீட்டில் அந்த நேரம் பார்த்து நுழைந்து மாட்டிக்கொண்டவரைப் போல, மைக்ரோசாஃப்டின் கோப்புகள் பல நேரம் பழி சுமக்கின்றன. என்டிஐஎஸ் என்பது எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் பேச வேண்டிய பொது இடைமுகம் என்பதால், யார் தவறு செய்தாலும் அதன் பெயர் அடிபடும். நாளுக்கொரு பெயர் வருவது இன்னும் முக்கியமான தடயம். பிழை ஒரே இடத்தில் இருந்தால் பெயரும் ஒன்றாகவே இருக்கும்; பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால், யாரோ நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போக, அந்த இடத்தை அடுத்துத் தொடுபவர் விழுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகக் கணினி என்பதால் முதலில் நான் சந்தேகிப்பது, கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பரிசோதிக்கும் வடிகட்டி டிரைவர்களை. விபிஎன், ஆன்டிவைரஸ், ஃபயர்வால், பொட்டலங்களைப் பதிவு செய்யும் கருவிகள் ஆகியவை இவற்றை நிறுவுகின்றன. அந்த மென்பொருளை மூடினாலும் அதன் வடிகட்டி கெர்னலில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நெட்வொர்க் இணைப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் வரும் பட்டியலைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டுடையவை அல்லாத பெயர்கள் அங்கே இருந்தால் ஒவ்வொன்றாக டிக்கை எடுத்துச் சோதிக்கலாம். எல்லா வடிகட்டிகளும் அந்தப் பட்டியலில் தெரிவதில்லை என்பதால், ஆன்டிவைரஸைச் சந்தேகித்தால் அதன் தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவியைக் கொண்டு முழுமையாக அகற்றிவிட்டுப் பார்ப்பதே சரி. அகற்றியவுடன் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும். அலுவலகத்தின் கணினி நிர்வாகியிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள, கணினி நிற்கும்போது நினைவகத்தின் நிலையைப் பதிந்து எழுதப்படும் டம்ப் கோப்பைப் படிக்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில், தேதியைப் பெயராகக் கொண்ட சிறிய கோப்புகள் இருக்கும். ‘டிஸ்க் கிளீனப்’ போன்ற கருவிகள் இவற்றையும் துடைத்துவிடும் என்பதால், பழுது தீரும் வரை சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடுங்கள். அந்தக் கோப்புகளை நன்றாக ஓடும் வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ‘வின்டிபக்’ கருவியில் திறங்கள். முதல் முறை அது இணையத்திலிருந்து தேவையான குறிப்புகளை இறக்கிக்கொள்ளும். ‘அனலைஸ்’ கட்டளைக்கான இணைப்பு திரையிலேயே வரும். அழுத்தினால், எந்தச் செயற்கூறு எதை அழைத்து இந்த நிலைக்கு வந்தது என்ற அடுக்கு விரியும். மேலே இருக்கும் பெயரோடு நிறுத்திவிடாமல், அடுக்கில் கீழ்நோக்கிப் போய், மைக்ரோசாஃப்டுக்கு வெளியிலிருந்து வந்த பெயர் ஏதாவது நடுவில் தென்படுகிறதா என்று பாருங்கள். நான்கைந்து டம்ப் கோப்புகளிலும் ஒரே விபிஎன் டிரைவர் தலைகாட்டினால் ஐயம் தெளிந்தது என்றே கொள்ளலாம்.

அப்படியும் அகப்படாவிட்டால் ‘டிரைவர் வெரிஃபயர்’ இருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்தோடே வரும் இந்தக் கருவி, நாம் தேர்ந்தெடுக்கும் டிரைவர்களின் ஒவ்வொரு நினைவகப் பயன்பாட்டையும் பரிசோதித்து, தவறு நடக்கும் அந்தக் கணத்திலேயே கணினியை நிறுத்தி, தவறு செய்த டிரைவரை அடையாளம் காட்டிவிடும். வெளி நிறுவனங்களின் நெட்வொர்க் சார்ந்த டிரைவர்களை மட்டும் அதில் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் கணினி நகராது. தொடங்கும்போதே நிற்கும் வாய்ப்பு உண்டு என்பதால், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை முன்கூட்டியே உருவாக்குவதும், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போய் ‘வெரிஃபயர்’ கட்டளையை ‘ரீசெட்’ என்ற சொல்லோடு கொடுத்து அதை நிறுத்தத் தெரிந்துகொள்வதும் கட்டாயம். சோதனை முடிந்ததும் அதை நிறுத்த மறக்காதீர்கள்.

பெயர் அடிபடுபவரே குற்றவாளி அல்ல என்பதற்கு லினக்ஸ் வரலாற்றில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2008-இல் 2.6.27 என்ற கெர்னலின் சோதனைப் பதிப்புகளை நிறுவியவர்கள் சிலருக்கு, இன்டெலின் ஈதர்நெட் கார்டே வேலை செய்யாமல் போனது. கார்டின் நிரந்தர நினைவகத்தில் இருந்த தரவு அழிந்திருந்ததால், பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் கார்டு எழவில்லை. எல்லோருடைய சந்தேகமும் இ1000இ என்ற இன்டெல் டிரைவரின் மீதே விழுந்தது. கார்டின் நினைவகத்தில் எழுத முடியாதபடி அந்த டிரைவரைத்தான் அவசரமாகத் திருத்தினார்கள். இறுதியில் தெரியவந்தது வேறு. கெர்னலின் ஓட்டத்தைப் பின்தொடர்வதற்காகப் புதிதாகச் சேர்த்திருந்த ‘எஃப்டிரேஸ்’ என்ற வசதி, முன்பு ஒரு நிரல் இருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த முகவரி அதற்குள் நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், எழுதியது கார்டுக்குள்ளேயே போய் விழுந்தது. 2.6.27.1 பதிப்பில் எஃப்டிரேஸின் அந்தப் பகுதி முடக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த கெர்னல் வல்லுநர்களுக்கே இதைக் கண்டறியச் சில வாரங்கள் ஆயின என்பதை நினைவில் வையுங்கள். ஒரு டிரைவரை மாற்றியும் தீரவில்லையே என்று நீங்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். பெரிய கோப்பை நெட்வொர்க் வழியே நகலெடுக்கும்போது எல்லாம் உறைந்து, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. நீலத்திரை போல எந்தச் செய்தியும் இல்லை. கார்டு ரியல்டெக். (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்த விளக்கு மினுக்குவதுதான் செய்தி, கெர்னல் ‘பேனிக்’ ஆகிவிட்டது, அதாவது மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. லினக்ஸில் டிரைவர் தவறு செய்தால், பல நேரம் அந்தச் செயலை மட்டும் கொன்றுவிட்டு மற்றவை ஓடும். இடைமறிப்பைக் கையாளும்போது தவறு நடந்தால் கொல்வதற்குத் தனியாக ஒரு செயல் இல்லாததால், மேலே சொன்ன விண்டோஸின் நிலை 2 போலவே எல்லாம் நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்கியதும், ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் கெர்னல் செய்திகளை மட்டும், முந்தைய ஓட்டத்துக்கு உரியவற்றைக் காட்டும்படி கேளுங்கள். பேனிக் நேர்ந்த கடைசிக் கணம் அதில் பதிவாகாமல் போகலாம். ஆனாலும் அதற்கு முன்பே, அனுப்பும் வரிசை காலாவதியாகிவிட்டதாக ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ எச்சரித்த வரிகள் இருக்கக்கூடும்.

லினக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடே வருவதால், கெர்னல் மாறினால் டிரைவரும் மாறுகிறது. தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து அதே நகலெடுப்பைச் செய்து பாருங்கள். ரியல்டெக் கார்டுகளுக்குக் கெர்னலில் உள்ள ஆர்8169 டிரைவரும், ரியல்டெக் தனியே தரும் ஆர்8168 டிரைவரும் உண்டு. ஒன்றில் தகராறு செய்யும் கார்டு மற்றதில் ஒழுங்காக ஓடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: கணினி தொடங்கியவுடனேயே நீலத்திரை வந்து, திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டே இருக்கிறது. டிவைஸ் மேனேஜருக்குப் போகவே நேரம் கிடைப்பதில்லை. (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தொடங்கும் வேளையில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்று சென்று ரீஸ்டார்ட் செய்து, சேஃப் மோடுக்காக 4 என்ற எண்ணை அழுத்துங்கள். 5-ஐ அழுத்தினால் நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோட் வரும். அதில் பழுதான டிரைவரும் ஏற்றப்படக்கூடும் என்பதால் முதலில் அது வேண்டாம். 4-இல் நிலையாக ஓடி, 5-இல் மட்டும் நின்றால் காரணம் நெட்வொர்க் பக்கம் என்பது தெளிவாகிவிடும். சேஃப் மோடில் டிரைவரை நீக்குவதற்கு முதல் கடிதத்துக்குச் சொன்ன முறையே போதும். பல லேப்டாப்களின் பயாஸில் வைஃபையையும் ஈதர்நெட்டையும் அணைத்து வைக்கும் வசதி உண்டு. சேஃப் மோடும் எட்டாதபோது அது கைகொடுக்கும்.

மீட்புத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதியின் கீ கேட்கப்படலாம். 48 இலக்கங்கள் கொண்ட அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு ஃபோனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இதே போலத் தொடங்கித் தொடங்கி விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடுக்குப் போய் ஒரு கோப்பை நீக்குவதுதான் அதற்கும் தீர்வாக இருந்தது. வேலை சில நிமிடங்களில் முடியக்கூடியது என்றாலும், பிட்லாக்கர் கீ கையில் இல்லாத இடங்களில் மீட்பு மேலும் தாமதப்பட்டது. இதைப் படிக்கும் மற்ற வாசகர்களும் தங்கள் கீயை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: டிரைவரில் பழுதா, கார்டிலேயே பழுதா என்று எப்படிப் பிரித்தறிவது? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து, கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். அங்கே வேறு டிரைவர் அதே கார்டை இயக்கும். அதே பளுவை ஏற்றி, விண்டோஸில் விழுந்து லினக்ஸில் விழாமல் இருந்தால் கார்டு நலமாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டிலும் விழுந்தால் கார்டையும் ரேமையும் சந்தேகிக்க வேண்டும். ரேமைச் சோதிக்க ‘மெம்டெஸ்ட்86+’ கருவியை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை மாற்றியாக வேண்டும். ரேம் சரியாக இருந்து கார்டுதான் கெட்டிருக்கிறது என்றால், பழைய கார்டை பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ முடக்கிவிட்டு, யூஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதற்காக மதர்போர்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.